கூடத்தை இழந்த முகப்புகள்

டொராண்டோ நகர மையத்தில் யங் வீதியும் ஃபிரன்ட் வீதியும் சந்திக்கும் மூலையை ஒட்டி, ஒரே மனைத்தொகுதிக்குள் இரண்டு பழைய வங்கிகள் நிற்கின்றன. மூலையில் இருப்பது மான்ட்ரியல் வங்கி 1885-ல் எழுப்பிய கிளைக் கட்டடம்; 1993 முதல் அது ஐஸ் ஹாக்கியின் புகழ்க்கூடம். அங்கிருந்து பொடிநடையில் போகும் தூரத்தில், சான்டியாகோ கலட்ராவா வடிவமைத்து 1992-ல் கட்டி முடித்த உயரமான கண்ணாடி நடைகூடத்துக்குள், 1845-ல் கட்டிய மிட்லண்ட் மாவட்ட வணிக வங்கியின் முகப்பு இருக்கிறது. முன்னதில் கல், கூரை, கூடம், இரும்புப் பெட்டக அறை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பின்னது ஒரு சுவர். வெலிங்டன் வீதியில் நின்றதைப் பிரித்தெடுத்து, சற்றுத் தள்ளி நடைகூடத்துக்குள் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். மழையும் பனியும் இனி அதன்மேல் படாது. வாசலைத் தாண்டினால் வங்கியும் வராது. இரண்டையுமே நகரம் தன் மரபுக் கணக்கில் வரவு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது என்பது என் வாதம். ஒரு வங்கிக் கட்டடத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது அதன் கூடத்தை. டொராண்டோ பெரும்பாலும் காப்பாற்றி வந்திருப்பது முகத்தை.

மூலைக் கட்டடத்தை முதலில் பார்க்கலாம். அதை வடிவமைத்தவர்கள் ஃபிராங்க் டார்லிங், சாமுவேல் ஜார்ஜ் கரி என்ற இருவர். டார்லிங் பின்னாளில், 1915-ல், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனம் வழங்கும் தங்கப் பதக்கத்தைப் பெற்ற முதல் கனடியர் ஆனார். வெளிச்சுவரில் செதுக்காமல் விட்ட இடம் குறைவு. ஹோல்புரூக், மாலிங்டன் என்ற சிற்பிகள் வணிகம், வேளாண்மை, இசை, கட்டடக் கலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை செதுக்கி வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது கொஞ்சம் திகட்டும் வேலைதான். புதுப் பணக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தல் போல. ஆனால் உள்ளே போனதும் கட்டடத்தின் குரல் மாறிவிடுகிறது. உயர்ந்த ஒற்றைக் கூடம், அதன் தலைக்குமேல் மெக்காஸ்லண்ட் பட்டறை செய்த வண்ணக் கண்ணாடிக் குவிமாடம். கண்ணாடியில் டிராகன்கள் பொன்னைக் காவல் காக்கின்றன. சுற்றிலும் அன்றைய கனடாவின் மாகாணச் சின்னங்கள். அலங்காரத்துக்காக மட்டும் வைத்த குவிமாடம் என்று அதை நினைத்துவிடக் கூடாது. மின்விளக்கு இன்னும் பரவாத காலம் அது. பேரேட்டில் எண் எழுதுகிற எழுத்தருக்கும், நோட்டை எண்ணி வாங்குகிற வாடிக்கையாளருக்கும் வெளிச்சம் வேண்டும். பணம் புழங்கும் அறையைத் தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்கவும் கூடாது. மேலிருந்து இறங்கும் வெளிச்சம் இரண்டு தேவையையும் ஒரே கையில் முடித்தது. ஓரத்தில் பெட்டக அறை. இன்று அதற்குள் 1892-ல் கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்டான்லி பிரபு பரிசளித்த முதல் வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. வீரர்கள் தலைக்குமேல் தூக்கிக் கொண்டாடும் இன்றைய கோப்பையின் மூலம் அதுதான். காவலுக்கென்று கட்டிய அறை இன்னும் காவல் வேலையையே செய்கிறது.

இப்படியொரு கூடம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய வங்கித் தொழிலைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கனடாவில் ஒவ்வொரு வங்கியும் தன் பெயரில் தானே நோட்டு அச்சிட்டது. நாட்டுக்கென ஒரு மத்திய வங்கி 1935-ல்தான் கதவைத் திறந்தது. வைப்புத்தொகைக்கு அரசுக் காப்புறுதி வந்தது 1967-ல். அதுவரை வங்கி கவிழ்ந்தால் போட்ட பணம் கவிழ்ந்ததுதான். 1923-ல் டொராண்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹோம் வங்கி மூடியபோது 60,000 பேருக்கு மேல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சட்டம் தராத உறுதியைக் கட்டடம் தரவேண்டியிருந்தது. தெருவிலிருந்து தெரியும் தூண்கள் அந்த வேலையில் பாதியைத்தான் செய்தன. மீதியைச் செய்தது உள்ளிருந்த ஏற்பாடு. வாசலுக்கும் கவுண்டருக்கும் நடுவே கிடந்த வெற்றுத் தரை, கூண்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேலை செய்த காசாளர்கள், அவர்களுக்கும் பின்னால் பெட்டகத்தின் கனத்த கதவு. வைத்த பணம் எங்கே போகிறது, யார் கையில் போகிறது என்பதை வாடிக்கையாளர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். முகப்பு ஒரு வாக்குறுதி. அதைச் சரிபார்க்கும் இடம் கூடம். பெரிய நகரங்களோடு இது நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடிய வர்த்தக வங்கி மேற்குப் புல்வெளி ஊர்களுக்குக் கிளை பரப்பியபோது, டார்லிங்கும் அவருடைய பிற்காலக் கூட்டாளி ஜான் பியர்சனும் வடிவமைத்த மரத்தாலான ஆயத்த வங்கிகள் துண்டு துண்டாக ரயிலேறிப் போய்ச் சேர்ந்தன. ஊரே சில தெருக்கள்தான், அதற்கும் தூண் வைத்த வங்கி.

கல்லும் கூடமும் சேர்ந்து சொன்ன நிரந்தரம் உண்மையானதா என்று வரலாற்றைக் கேட்டால், வேடிக்கையான பதில் வருகிறது. டொராண்டோவில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய இரண்டு வங்கிகளும் திவாலான வங்கிகள். மேல் கனடா வங்கி 1820-களில் கட்டிய கட்டடம் இன்றைய அடிலெய்டு கிழக்கு வீதியில் நிற்கிறது. ஆளும் குடும்பங்களின் கைப்பிடிக்குள் இருந்த வங்கி அது. சீர்திருத்தவாதியும் பத்திரிகையாளருமான வில்லியம் லயன் மெக்கென்சி அதை ஓயாமல் சாடினார். 1866-ல் அது சரிந்தது. கட்டடம் பிறகு கிறிஸ்தவச் சகோதரர்களின் பள்ளியாயிற்று, வேறு பல கைகள் மாறியது, 1978-ல் தீப்பிடித்தது, அதன்பின் தனியார் ஒருவர் குடும்பம் வாங்கிச் சீரமைத்தது. நடைகூடத்துச் சுவரின் சொந்தக்காரரான வணிக வங்கியோ 1867-ல் பணம் தரமுடியாமல் கதவடைத்து, அடுத்த ஆண்டு வேறொரு வங்கியில் கரைந்தது. அதன் கட்டடம் அடுத்தடுத்து வந்தவர்களின் அலுவலகமாகக் காலம் தள்ளியது.

வெற்றி பெற்ற வங்கிகள் என்ன செய்தன? கிங் வீதியும் பே வீதியும் வெட்டும் நாற்சந்தியைப் பாருங்கள். நான்கு பெரிய வங்கிகள் நான்கு மூலையைப் பிடித்த இடம். தென்மேற்கில் இருந்த டொராண்டோ வங்கி, நியூயார்க் பொது நூலகத்தைக் கட்டிய கரேர், ஹேஸ்டிங்ஸ் நிறுவனத்தைக் கொண்டு 1913-ல் ஒரு பளிங்கு மாளிகை எழுப்பியது. 1955-ல் டொமினியன் வங்கியோடு இணைந்து இன்னும் பெரிதானபின், தன் மாளிகையைத் தானே 1966-ல் இடித்தது. வடமேற்கு மூலையில் மான்ட்ரியல் வங்கி 1940-களின் இறுதியில் ஒரு புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. எம்மானுவேல் ஹான், ஃபிரான்சஸ் லோரிங், ஃபுளோரன்ஸ் வைல், எலிசபெத் வின் வுட் முதலிய சிற்பிகள் மாகாணங்களின் புடைப்புச் சிற்பங்களை அதற்குச் செய்தார்கள். 72 மாடிக் கோபுரம் கட்டும் திட்டம் வந்ததும் 1970-களில் அதுவும் போயிற்று. அதன் ஆயுள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு. யங் வீதி மூலையில் இரண்டாந்தரக் கிளையாகத் தள்ளிவிடப்பட்ட 1885-ஆம் ஆண்டுக் கட்டடமோ, யார் கண்ணிலும் படாத காரணத்தால் பிழைத்தது. 1982 வரை வங்கியாகவே ஓடி, பிறகு பூட்டிக் கிடந்தது. மறதிதான் அதற்குக் கிடைத்த பாதுகாப்பு. உடைமையாளர் பலசாலியாக, கட்டடத்தின்மேல் அக்கறையுள்ளவராக இருந்தால் அது தானே பிழைக்கும் என்ற நம்பிக்கை இந்த நாற்சந்தியில் நிற்காது.

இடித்த டொராண்டோ வங்கி என்னவாயிற்று என்பது தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோவில் இருக்கிற எவரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒன்று. ஒன்டாரியோ ஏரியை நோக்கி நிற்கும் செங்குத்து மேட்டின்மேல் கில்டு பூங்கா இருக்கிறது. 1932-ல் அங்கே கைவினைக் கலைஞர்களுக்கான ஒரு குடியிருப்பைத் தொடங்கிய ரோசா, ஸ்பென்சர் கிளார்க் தம்பதி, நகரம் தன் பழைய கட்டடங்களை வரிசையாக உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் லாரிகளில் உடைசலை வாங்கிச் சேர்த்தார்கள். டொராண்டோ வங்கியின் தூண்களும் வளைவுகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. 1982-ல் கட்டடக் கலைஞர் ரான் தாம் அவற்றைக் கோத்து ஒரு திறந்தவெளி அரங்கமாக்கினார். கிரேக்க அரங்கம் என்று பெயர். கோடையில் நாடகம் நடக்கிறது. திருமணப் படம் எடுக்க வருவோர் கூட்டமும் குறையாது. மான்ட்ரியல் வங்கியின் மாகாணச் சிற்பங்களும் அதே பூங்காவில்தான். கிளார்க் தம்பதி மட்டும் இல்லாவிட்டால் இவை ஏரிக்கரையில் பள்ளம் நிரப்பும் கல்லாகப் போயிருக்கும். அவர்களுக்கு நகரம் கடன்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் புல்வெளியில் அந்தத் தூண்களின் நடுவே நிற்கிறவருக்கு ஒன்று புலப்படும். அவற்றின் அளவு வெளியில் பொருந்தவில்லை. ஒரு கூரையைத் தாங்கி, ஒரு கூடத்தின் உயரத்துக்குக் கணக்கு வைத்துச் செய்த தூண்கள் மேலே ஆகாயத்தைப் பார்த்து நிற்கின்றன. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், நடுவே எவ்வளவு வெற்றிடம் என்ற விகிதம்தான் அந்த வங்கி; அந்த விகிதத்தை லாரியில் ஏற்ற முடியாது. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து, பர்மாத் தேக்குத் தூண்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிறுத்தி விற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூண் ஏதோ ஒரு விடுதியின் வரவேற்பறைக்குப் போகிறது. வளவு எங்கும் போவதில்லை.

இந்த இடத்தில் வலுவான ஓர் எதிர்வாதம் உண்டு. டொராண்டோ வங்கியின் மாளிகை போன இடத்தில் வந்தது சாதாரணக் கட்டடமா? மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த டொராண்டோ-டொமினியன் மையம். 1967-ல் 56 மாடிக் கறுப்புக் கோபுரம், 1968-ல் அதன் காலடியில் வங்கிக் கிளைக்கென ஒரு தனி மண்டபம். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலையின் உச்சங்களில் ஒன்றென்று உலகம் ஒப்புக்கொண்டது. 2003-ல் நகரமே அதைச் சட்டப்படி மரபுச் சொத்தாக அறிவித்தது. பழையதை இடிக்காமல் இருந்திருந்தால் இது கிடைத்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு தலைமுறையின் இடிப்பு அடுத்த தலைமுறையின் மரபு என்றால், பாதுகாப்புச் சட்டம் எதற்கு என்றும் நீட்டிக் கேட்கலாம். இதற்கு நான் சொல்லும் பதில், மீஸின் மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறது. 150 அடி நீளம், 150 அடி அகலம். நடுவே ஒரு தூண்கூட இல்லை. கூரையின் பாரம் முழுவதும் வெளி விளிம்புக்கு இறங்குகிறது. செதுக்கு வேலை, குவிமாடம், தூண் வரிசை எல்லாவற்றையும் துறந்த மீஸ் ஒன்றைமட்டும் துறக்கவில்லை. வாசலில் நுழைந்தவுடன் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும் ஒரு பெரிய பொது அறை வங்கிக்கு வேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அலங்காரம் காலத்துக்குக் காலம் மாறும், கூடம் மாறாது என்பதற்கு அவரை விடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்காது. அதோடு, இடித்தால்தான் புதியது வரும் என்பதற்குத் தென்கிழக்கு மூலையே மறுப்பு. கனடிய வர்த்தக வங்கியின் 34 மாடிக் கோபுரம் 1931-ல் முடிந்தது. 1962 வரை பிரிட்டிஷ் ஆட்சிப்பரப்பிலேயே அதுதான் உயரமான கட்டடம். 1970-களின் தொடக்கத்தில் ஐ. எம். பெய் அதன் பக்கத்தில் 57 மாடிப் புதுக் கோபுரத்தை எழுப்பியபோது பழையது அப்படியே நின்றது. ரோமானியக் குளியல் மண்டபங்களை நினைவூட்டும் அதன் வில்வளைவுக் கூடமும் பிழைத்தது. இரண்டும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன; ஒன்றை ஒன்று தின்னவில்லை.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். நடைகூடத்துக்குள் நிற்கும் வணிக வங்கி முகப்பைக் கட்டிய வில்லியம் தாமஸ் லேசான ஆள் இல்லை. புனித மைக்கேல் பேராலயமும் புனித லாரன்ஸ் மண்டபமும் அவர் வேலை. கிரேக்க பாணியில் அடக்கமாக, அளவாகச் செய்த முகப்பு. தலைக்குமேல் கலட்ராவாவின் வெள்ளை எஃகு விலாக்கள் காட்டு மரங்கள் போல வளைந்து கவிய, கீழே இது நிற்பது படத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. அந்த நடைகூடத்துக்கு ஆலன் லாம்பர்ட் என்று பெயர். 1960-களில் டொராண்டோ-டொமினியன் வங்கியின் தலைவராக இருந்து, மீஸின் மையத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு பழைய வங்கியை இடித்து இன்னொன்றைக் கட்டிய தலைவரின் பெயரால் அமைந்த கூரையின்கீழ், வேறொரு பழைய வங்கியின் தோல் பாதுகாக்கப்படுகிறது. திட்டமிட்டு யாரும் இப்படி அமைத்திருக்க மாட்டார்கள்.

முகப்பையாவது காப்பாற்றினார்களே, முழுதும் போவதற்கு அது மேல் அல்லவா என்பார்கள். தனியாக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டால் அது சரி. ஆனால் நகரக் கொள்கையாக அது மாறும்போது விளைவு வேறு. முகப்பை வைத்துக்கொண்டால் போதும் என்பது தெரிந்துவிட்டால், நில உரிமையாளருக்கும் அதிகாரிக்கும் பேரம் அங்கிருந்தே தொடங்குகிறது; கூடத்தைக் காப்பாற்றும் கேள்வி மேசைக்கே வராது. தோலை நீக்காமல் உடலை மாற்றும் இந்தப் பழக்கம் யங் வீதியில் வேரூன்றிவிட்டது. 197-ஆம் எண்ணில் டார்லிங்கும் பியர்சனும் 1905-ல் கட்டிய கனடிய வர்த்தக வங்கிக் கிளை 1987 முதல் பல்லாண்டு பூட்டிக் கிடந்து, கடைசியில் அதன் பின்னால் எழுந்த 60 மாடிக் குடியிருப்புக் கோபுரத்தின் நுழைமுகமாயிற்று. கல்லைப் பழுதுபார்த்த வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் போகிற எவரும் காரணம் சொல்லாமல் நுழையக்கூடிய இடமாக இருந்தது, இப்போது குடியிருப்போருக்கான வாசல். சற்றுத் தள்ளி, 205-ஆம் எண்ணில், பழைய நகர மன்றத்தைக் கட்டிய இ. ஜே. லெனக்ஸ் டொராண்டோ வங்கிக்காகச் செய்த சிறிய குவிமாடக் கட்டடம் இருக்கிறது. நகரத்தின் வரலாற்று வாரியமே அதைத் தன் அலுவலகமாக வைத்திருந்தது. வாரியம் வெளியேறியபின் அதுவும் வெகுகாலம் காலியாகக் கிடந்தது.

சட்டத்தின் உள்ளமைப்பும் இதற்கு ஒரு காரணம். ஒன்டாரியோவின் மரபுச் சட்டம் 1975-ல் வந்தது. முதல் முப்பது ஆண்டு அதற்குப் பல் கிடையாது. நகர மன்றம் இடிப்புக்கு மறுப்புச் சொன்னாலும் 180 நாள் காத்திருந்துவிட்டு உரிமையாளர் இடித்துக்கொள்ளலாம். மறுப்பு உண்மையிலேயே மறுப்பானது 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான். மான்ட்ரியல் வங்கியின் கூடம் 1980-களில் தப்பியதை நினைக்கும்போது இதை மறக்கக் கூடாது. அன்றைய சட்டத்துக்குத் தாமதிக்க முடிந்தது, தடுக்க முடியவில்லை. நாட்டளவில் தேசிய வரலாற்றுத் தலம் என்று பெயர் சூட்டுவது மரியாதைதானே தவிர, தனியார் கையிலுள்ள சுவரை அது காக்காது. மாகாணச் சட்டத்தின்கீழ் ஒரு கட்டடத்தை அறிவிக்கும்போது, அதன் எந்தெந்த அம்சங்கள் மரபுக் கூறுகள் என்று நகரத்தின் துணைவிதியில் எழுதவேண்டும். எழுதியதைத் தொட்டால் அனுமதி வேண்டும். எழுதாதது உரிமையாளரின் விருப்பம். சட்டம் கூடத்தை எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. தரை, கவுண்டர், குவிமாடம், பெட்டகம் எதையும் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் பட்டியல் தயாரிக்கும் பழக்கம் தெருவில் நின்று பார்க்கும் பழக்கம். கல் எந்த வகை, ஜன்னல் எத்தனை, தூணின் தலை எந்த பாணி என்று பத்தி பத்தியாக ஓடும் விவரணை வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் வீட்டின் உள்ளே சட்டம் நுழையக் கூடாது என்ற கூச்சம் இதற்குப் பின்னால் இருக்கிறது; வீட்டுக்கு அது நியாயம். வங்கிக் கூடம் வீடல்ல. கதவைத் திறந்து வைத்து ஊரை உள்ளே அழைத்து நம்பவைக்கக் கட்டிய இடத்துக்குத் தனிமையின் பெயரால் விலக்குக் கேட்பது பொருந்தாது.

முகப்பே இல்லாத வங்கிகளும் உண்டு என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். என் வாதத்துக்கு அவை முக்கியம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளுக்கு வெளியிலிருந்து பார்க்க எந்தச் சிறப்பும் கிடையாது. பக்கத்துக் கடைவீடுகளைப் போல இன்னொரு கடைவீடு. உள்ளே நீளக் கூடம். ஒவ்வொரு செட்டியாருக்கும் அல்லது அவர் முகவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு பாய், கணக்கு நோட்டும் பணமும் வைக்கச் சரிவு மூடி போட்ட ஒரு மரப் பெட்டி. கடன் கேட்டு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் பேச்சு தொடங்கும். ஒரே கூடத்தில் பல வங்கிகள். ஒருவர் வாக்குத் தவறினால் பக்கத்துப் பாய்க்கு அன்றே தெரிந்துவிடும். அந்தக் கூடத்தின் அமைப்பே அவர்களுடைய தணிக்கை. 1970, 80-களில் சிங்கப்பூர் அந்தப் பகுதியை நிதி மையமாக மறுசீரமைத்தபோது மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் போய்விட்டன. எந்த முகப்புப் பட்டியலிலும் அவை இடம்பெற்றிருக்காது, ஏனென்றால் முகப்பில் எழுத எதுவும் இல்லை. கல்லில் நம்பிக்கையைக் காட்டிய டொராண்டோவுக்கும் பாயில் நம்பிக்கையைக் காட்டிய மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கும் பொதுவாக இருந்தது கூடம் ஒன்றே. அதை அளவுகோலாக எடுத்தால் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க முடியும். பாணியை எடுத்தால் ஒன்று மரபு, மற்றது பழைய கடை.

இங்கே இன்னொரு தடை எழும். இந்த வங்கிகள் யாருடையவை? மேல் கனடா வங்கி ஒரு சிறு கூட்டத்தின் பணப்பை. டார்லிங்கின் குவிமாடத்தின்கீழ் நின்றவர்கள் பெரும்பாலும் வணிகர்கள், நிலவுடைமையாளர்கள். கண்ணாடியில் பொன்னைக் காக்கும் டிராகன் யாரிடமிருந்து காக்கிறது என்று கேட்கலாம். வாடகை கட்டமுடியாமல் நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்படும் குடும்பத்துக்கு இந்த வளைவுகளும் தூண்களும் என்ன சோறு போடும் என்று கேட்டால் அதைத் தள்ளிவிட முடியாது. ஒன்டாரியோ அரசும் இதே குரலில்தான் பேசுகிறது. வீடுகளை விரைந்து கட்டவேண்டும் என்று 2022-ல் கொண்டுவந்த சட்டம், நகரங்களின் மரபுப் பதிவேட்டில் வெறுமனே பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்குக் கெடு வைத்தது. அதற்குள் முறையாக அறிவிக்காவிட்டால் பெயர் நீங்கிவிடும், ஐந்தாண்டுக்குத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. கெடுவைப் பிறகு 2027 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். வீட்டுப் பஞ்சம் உண்மை. ஆனால் கூடத்தைக் காப்பது வீட்டைத் தடுக்கிறது என்பதற்கு நகர மையம் சான்று தரவில்லை. கிங் வீதி மேற்கு 1-ஆம் எண்ணில், டொமினியன் வங்கியின் 1914-ஆம் ஆண்டுத் தலைமையகத்தோடு ஒட்டி 51 மாடிக் கோபுரம் எழுந்தது. பழைய வங்கிக் கூடமும் நிலவறைப் பெட்டகமும் உள்ளே இருக்கின்றன, விருந்துகளுக்கு வாடகைக்குப் போகின்றன. உயரம் வேண்டுவோருக்கு உயரம் கிடைத்தது, அறையும் நின்றது. ஆளும் வர்க்கத்தின் கட்டடம் என்ற குறைக்கு வேறு பதில். முகப்பு மட்டும் மிஞ்சினால் மிஞ்சுவது அந்த வர்க்கத்தின் பகட்டு. கூடம் மிஞ்சினால்தான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் காத்து நின்றவர்களும் வரலாற்றில் மிஞ்சுவார்கள். கூலிப் பணத்தைச் சேமிக்க வந்தவரும், கடன் மறுக்கப்பட்டுத் திரும்பியவரும் நின்ற தரை அதுதான்.

சென்னை ராஜாஜி சாலையில் ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டி, 1897-ல் மதராஸ் வங்கி குடியேறிய கட்டடத்தில் இன்றும் பாரத ஸ்டேட் வங்கி இயங்குகிறது. கட்டிய வேலையையே ஒரு கூடம் செய்துகொண்டிருந்தால் பாதுகாப்புக்கு அதைவிட எளிய வழி இல்லை. அந்த வாய்ப்பு நழுவியபின் வரும் மாற்றுப் பயன்பாடு எதுவாயினும் ஏதோ ஒன்றைக் கெடுக்கும். யங் வீதி மூலையிலும் அப்படித்தான். புகழ்க்கூடத்துக்குள் போகச் சீட்டு வாங்க வேண்டும். பார்வையாளர் வரும் வழி மூலை வாசல் இல்லை. பக்கத்து வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் நுழைந்து, காட்சிகளைக் கடந்து, படியேறித்தான் குவிமாடத்தின்கீழ் வந்து சேர வேண்டும். தெருவிலிருந்து நேரே உள்ளே வந்து தலைநிமிர்கிற அந்த ஒரு கணத்துக்காகத்தான் டார்லிங்கும் கரியும் அவ்வளவு வேலை செய்தார்கள்; அது போய்விட்டது. என் அளவுகோலின்படியே இது குறைதான், பெரிய குறை. ஆனாலும் திருத்தக்கூடிய குறை. அறை இருக்கிறது, வாசலும் அதே இடத்தில் இருக்கிறது; நிர்வாகம் நினைத்தால் ஒரு நாள் கதவைத் திறக்கலாம். நடைகூடத்துச் சுவரில் திறப்பதற்கு அறை இல்லை.

வங்கிக் கிளைகள் இப்போது எங்கும் மூடப்பட்டு வருகின்றன. பணம் கைபேசிக்குள் போய்விட்டது. 1960, 70-களில் புறநகரங்களில் கட்டிய சிறு கிளைகள் முதல் நாற்சந்தியின் பெருங்கூடங்கள் வரை எல்லாவற்றுக்கும், கவுண்டர் இல்லாத வங்கிக்குக் கூடம் எதற்கு என்ற கேள்வி வரிசையாக வரும். பதிவேட்டின் கெடுவுக்குள் அவசரமாக எழுதப்படும் துணைவிதிகள் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும், எழுதுகிறவர்கள் அறிந்தோ அறியாமலோ. மீஸின் மண்டபத்துக்கும் அந்த நாள் வரலாம். அன்று கறுப்பு எஃகுச் சட்டத்தைப் பற்றி யாரும் சண்டை போடப் போவதில்லை. அது எல்லோருக்கும் பிடிக்கும். சண்டை முழுவதும் உள்ளே தூணில்லாமல் கிடக்கும் அந்த 150 அடிச் சதுரத் தரையில் தடுப்புச் சுவர் எழுப்பலாமா கூடாதா என்பதைப் பற்றியதாக இருக்கும்.